வட்ட மூடியும் சதுரக் கல்லும்

உப்பு விளையும் ஊர் ஒன்றில் கல்யாண வீடியோக் கடை ஒன்று இருந்தது. ஒருநாள் காலை அந்தக் கடையின் மேசைமேல் இரண்டு டிவிடி தட்டுகள் அடுத்தடுத்துக் கிடந்தன.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே வட்டம், நடுவில் ஒரே ஓட்டை. ஆனால் ஒன்று உள்ளே இரண்டு மாடி வைத்துக் கட்டியது. எண்பத்தைந்து மூட்டை கொள்ளும். அது பெரிய தட்டு. மற்றதற்கு ஒரே மாடி. நாற்பத்தேழு மூட்டைக்கு மேல் ஒரு பிடிகூட ஏற்காது. அது சின்னத் தட்டு. படத்தை மூட்டையில் அளப்பார்களா என்று கேட்கக் கூடாது. உப்பு விளையும் ஊரில் எல்லாவற்றையும் மூட்டையில்தான் அளப்பார்கள்.

"உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டது சின்னத் தட்டு.

"நிறைய. எண்பத்தைந்தும் இருக்கிறது. உப்பளத் தொழிலாளிகளின் ஊர்வலம். இரண்டு மணி இருபது நிமிடம்."

"அத்தனையையும் என்மேல் ஏற்றப் போகிறார்களாம். நான் வெடித்துவிட மாட்டேனா?"

"நீ வெடிக்க மாட்டாய். என்னிடம் இருப்பவர்கள்தான் இளைத்துப் போவார்கள். யார் எவ்வளவு இளைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது" என்றது பெரிய தட்டு.

மேசைக்கு இந்தப் பக்கம் கடைக்காரர் தங்கப்பழம் உட்கார்ந்திருந்தார். அந்த ஊர்வலத்தைப் படம் பிடித்தவர் அவர்தான். அந்தப் பக்கம் செல்லக்கனி நின்றாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு தூக்குச்சட்டி.

ஊர்வலம் நடந்த அன்று கம்பெனி மேனேஜருடைய காரின் கண்ணாடி உடைந்தது. செல்லக்கனியின் புருஷன் பலவேசம் கையை ஓங்கிக் கல்லெறிந்தான் என்று சொல்லி அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவன் கையை ஓங்கியது உண்மை. கையில் கல் இல்லை. தூக்குச்சட்டியின் மூடி இருந்தது. ஊர்வலத்தில் எண்ணூறு பேரும் மூடியால் சட்டியைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டுதான் நடந்தார்கள். கொட்டு மேளத்துக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சோற்றுப் பாத்திரத்தைத்தான் தட்ட வேண்டும்.

அந்த மூடி படத்தில் நான்கே நொடி தெரிந்தது. கடைசி வரிசையில்.

இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. விசாரணை அதிகாரி எழுத்தில் கேட்டிருந்தார்: முழுப் பதிவும் வேண்டும், ஒரே தட்டில் வேண்டும், ஒரு நொடி குறைந்தாலும் வெட்டி ஒட்டியது என்று தள்ளப்படும். கம்பெனி அலுவலகத்தில் இருந்த பழைய கருவியோ இரண்டு மாடித் தட்டை ஏற்காது. உள்ளே வாங்கிக்கொண்டு, 'தட்டு இல்லை' என்று திரையில் எழுதிக் காட்டும். கையில் இருப்பதைக் கொடுத்த பிறகும் கையில் ஒன்றுமில்லை என்று எழுதுகிற கருவிகள் அலுவலகங்களில் அதிகம்.

"இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல தங்கச்சி. இருபத்தஞ்சு நிமிசம். கல்யாணப் படம் ஆயிரம் இப்படித்தான் சுருக்கிக் குடுத்திருக்கேன்" என்றார் தங்கப்பழம்.

அவர் பெரிய தட்டைக் கணினிக்குள் போட்டார். ஒரு பொத்தானை அமுக்கினார்.

கணினிக்குள் இரண்டு சுருக்கிகள் குடியிருந்தன. ஒன்றின் பெயர் சமவெட்டு. மற்றதன் பெயர் இருசுற்று. தங்கப்பழம் கூப்பிட்டது சமவெட்டை. பத்து வருஷமாக அவர் வேறு யாரையும் கூப்பிட்டதில்லை.

சமவெட்டு கத்தியோடு துள்ளி வந்தது.

"எல்லோரும் வரிசையாக நில்லுங்கள்! என்னிடம் பாகுபாடு கிடையாது. பெரியவர் சிறியவர் கிடையாது. ஆளுக்கு நூற்றில் நாற்பத்தைந்து வெட்டுவேன். நீதி என்றால் இதுதான்!"

படத்தில் இருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் ரோஜா இதழ்கள். ஊர்வலப் படத்தில் ரோஜா எப்படி வந்தது என்றால், தங்கப்பழம் எந்தப் படத்துக்கும் முகப்பில் ரோஜா இதழ்கள் சொரிவதைப் போடுவார். மேலே இரண்டு இதய வடிவமும் மிதக்கும். ஒரு கருமாதிப் படத்துக்கும் போட்டிருக்கிறார்.

அடுத்து மேடைப்பேச்சு நின்றது. ஊர்வலம் முடிந்த இடத்தில் தலைவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசிய பேச்சு அது. தோளில் துண்டு, பின்னால் நீலத் திரை. அதற்குப் பின்னால் வானமும் வெள்ளை உப்புக் குவியல்களும். கடைசியாகக் கூட்டம்.

சமவெட்டு ஓடிக்கொண்டே வெட்டியது. ரோஜாவில் நாற்பத்தைந்து. பேச்சில் நாற்பத்தைந்து. வானத்தில் நாற்பத்தைந்து. யாருக்கும் வலிக்கவில்லை. கூட்டத்திலும் நாற்பத்தைந்து வெட்டியது.

கூட்டம் அலறியது.

"யய்யா, என் மூக்கைக் காணோம்!"

"என் கொடி கட்டம் கட்டமா உதிருதே!"

"எவன்ல என் முகத்தை எடுத்துப் பக்கத்துல நிக்கவன் தோள்ல ஒட்டுனது?"

"எல்லோருக்கும் கொடுத்த அதே வெட்டுத்தான் உங்களுக்கும். ஒரு மயிரிழை கூடவில்லை. கணக்கைப் பாருங்கள்" என்றது சமவெட்டு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் படம் சின்னத் தட்டில் ஏறியது. தங்கப்பழம் அதைத் திரையில் ஓட்டினார். ரோஜா சொரிந்தது. பேச்சு முழங்கியது.

"பளிச்சுனு இருக்குல்லா?"

"ஊர்வலத்துக்குப் போங்கண்ணாச்சி. கார் நிக்கிற எடத்துக்கு."

அவர் படத்தைத் தள்ளினார். கூட்டம் வந்தது. கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. செல்லக்கனி, "நிறுத்துங்க" என்றாள்.

படம் நின்றது. அவள் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு மூடியை எடுத்தாள். வட்டமான எவர்சில்வர் மூடி. ஓரத்தில் ஒரு நெளிசல். அதைத் திரையில் இருந்த கைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

திரையில் இருந்த கையில் வட்டம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது. நான்கு மூலையும் வெட்டினாற்போல இருந்தது.

"அண்ணாச்சி, இது எங்க வீட்டு மூடி இல்ல. இது கல்லு."

தங்கப்பழம் எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"யாத்தே! கல்லு மாதிரில்லா இருக்கு."

"மாதிரியா? அவங்க சொல்லுத கல்ல நீங்க செஞ்சே குடுத்துட்டிய."

"கல்யாணத்துல இப்படி வந்ததே இல்ல தங்கச்சி."

"கல்யாணத்துல எல்லாரும் உக்காந்துல்லா இருப்பாவ" என்றாள் செல்லக்கனி.

தங்கப்பழத்தின் பத்து வருஷத் தொழிலில் அந்த ஒரு வாக்கியத்தை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னத் தட்டு கருவிக்குள் இருந்து வெளியே வந்தது.

"என்மேல் பொய்யை எழுதிவிட்டார்கள். நான் ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத சாதி. என்னை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்" என்று அது கெஞ்சியது.

தட்டுகள் பேசுவது மனிதர் காதில் விழாது. ஆனாலும் செல்லக்கனி அதை எடுத்தாள். இரண்டு கையாலும் வளைத்தாள். அது படாரென்று இரண்டாக உடைந்தது. உடையும்போது அதற்கு நிம்மதியாக இருந்தது. தன்மேல் எழுதப்பட்ட பொய்யோடு நூறு வருஷம் பளபளத்துக் கிடக்கும் தட்டுகள் உலகில் உண்டு. இது அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

"வேற வழி இல்லையா அண்ணாச்சி?"

தங்கப்பழம் தாடையைச் சொறிந்தார். "இன்னொண்ணு இருக்கு. நான் தொட்டதில்ல. ரெண்டு தடவ படத்தைச் சுத்தும். ஒவ்வொரு தடவையும் ரெண்டரை மணி நேரம். இப்போ பத்து. எல்லாம் முடிய மூணு தாண்டிரும்."

"நாலுக்குத்தானே விசாரண."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா கையில ஒண்ணுமே இருக்காது."

"இப்போ மட்டும் என்ன இருக்கு? கல்லுதானே இருக்கு. போடுங்க."

அவர் பொத்தானை அமுக்கப் போனார். அவள் தடுத்தாள்.

"இந்தப் பூ எதுக்கு அண்ணாச்சி?"

"முகப்பு தங்கச்சி. படத்தோட நேரக் கணக்குல சேராது. பாக்கதுக்கு ஒரு லட்சணமா…"

"வேல போன படத்துக்கு என்ன லட்சணம்? அதுக்கும் எடம் வேணும்லா?"

தங்கப்பழம் மனசில்லாமல் ரோஜாவை நீக்கினார். நீக்கும்போதுதான் இன்னொன்றையும் பார்த்தார். ஒரே சத்தம் தட்டில் இரண்டு தடவை ஏற்றப்பட்டிருந்தது. கல்யாணத்தில் ஒரு பாதையில் மேளமும் மறு பாதையில் சினிமாப் பாட்டும் வைப்பது அவர் வழக்கம். ஊர்வலத்துக்குப் பாட்டு கிடைக்காததால் கோஷத்தையே இரண்டிலும் வைத்திருந்தார். ஒன்றை நீக்கினார்.

கணினிக்குள் ரோஜா இதழ்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. "எங்களைப் போல் சொரிய யாரால் முடியும்?" என்று கேட்டுக்கொண்டே போயின.

இருசுற்று வந்தது.

அது துள்ளவில்லை. அதன் கையில் கத்தியும் இல்லை. பின்னால் கை கட்டிக்கொண்டு, படத்தின் முதல் நொடியில் இருந்து நடக்க ஆரம்பித்தது. ஒவ்வொருவர் முன்னாலும் நின்றது.

மேடைப்பேச்சின் முன் நின்று கேட்டது: "ஐயா, நீங்கள் எவ்வளவு அசைவீர்கள்?"

மேடைப்பேச்சு துண்டைச் சரிசெய்துகொண்டது. "அசைவதா? நானா? அன்புள்ள சுருக்கியே! அன்று எடுத்த கொள்கையிலிருந்து இன்றுவரை அணுவளவும் அசையாதவன் நான்!"

"கொள்கையைக் கேட்கவில்லை. உடம்பைக் கேட்டேன்."

"வாய் அசையும். வலது கை எப்போதாவது உயரும்."

"பின்னால் இருக்கும் நீலத் திரை?"

"அது என்னைப் போலவே உறுதியானது."

"அறுபது நிமிடமும் அதே திரைதானா?"

"அதே திரை! அதே நாற்காலி! அதே சோடா பாட்டில்!"

"அப்படியானால் அவற்றை ஒருமுறை எழுதினால் போதும். பிறகு, முன்போலவே என்று ஒரு சொல் எழுதிக்கொண்டு போகலாம்" என்று சொல்லி இருசுற்று அதைக் குறித்துக்கொண்டது.

மேடைப்பேச்சுக்குப் புரியவில்லை. தன்னைப் பாராட்டியதாக நினைத்துக்கொண்டது.

இருசுற்று வானத்திடம் போனது.

"என்னிடம் எடுத்துக்கொள். நேற்றும் இப்படித்தான் இருந்தேன், நாளையும் இப்படித்தான் இருப்பேன்" என்றது வானம். "ஆனால் ஒன்று சொல்கிறேன். அளவுக்கு மீறி எடுத்தால் நான் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிவேன். வெளிறல் மெல்ல நீலமாகிற இடத்தில் கோடு விழும். பார்க்கிறவர்கள், இது மோசடிப் படம் என்பார்கள்."

"எங்கே கோடு விழும்?"

வானம் இடத்தைக் காட்டியது. இருசுற்று அதையும் குறித்துக்கொண்டது. எடுக்கத் தெரிந்தவர்கள் எங்கும் உண்டு. எடுக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

கடைசியாகக் கூட்டம் வந்தது. சமவெட்டிடம் பட்ட பயத்தில் அது முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றது.

"நீங்கள் எத்தனை பேர்?"

"எண்ணூறு பேரு."

"எவ்வளவு அசைவீர்கள்?"

"நிக்கவே மாட்டோம். நின்னா போலீஸ்காரன் தள்ளுவான்."

"எல்லோரும் ஒரே திசையிலா?"

"எங்க! ஒருத்தன் தட்டுவான், ஒருத்தி திரும்பிப் பாப்பா, ஒருத்தன் செருப்பு அறுந்து குனிவான். மேல உப்புத் தூசி வேற."

ஒரு நொடியில் இருந்த எதையும் அடுத்த நொடிக்கு முன்போலவே என்று எழுத முடியாத கூட்டம் அது. ஒவ்வொரு நொடியும் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது.

அப்போது கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. பலவேசம் கையில் இருந்த மூடி அது.

"சாமி, யாரையாவது குறைச்சுத்தான் ஆகணும்னா என்னைக் குறைச்சுக்கிடுங்க. நான் நாலு நொடிதான் வாரேன். அதுவும் கடைசில. முன் வரிசையில நிக்கிற பொம்பளைய முகத்தை நல்லாப் போடுங்க. அவ்வோ வீட்டுப் பிள்ளைய பாக்கும்."

கூட்டம் முழுவதும் ஆளுக்காள் சொல்லத் தொடங்கியது. "என்னைக் குறைச்சுக்கோ." "எனக்கு முதுகுதான் தெரியுது, என்னை எடு." மேடையில் இருந்தவர்கள் யாரும் சொல்லாத வார்த்தை அது. இரண்டு மணி இருபது நிமிடப் படத்தில் அது கூட்டத்தின் வாயில் இருந்துதான் வந்தது.

இருசுற்று மூடியிடம் குனிந்தது.

"உன்னைக் குறைத்தால் நீ கல்லாவாய்" என்றது. "எனக்குக் கொடுத்த வேலை படத்தைச் சின்னதாக்குவது. யாரையும் கல்லாக்குவது அல்ல."

முதல் சுற்று முடியும்போது மணி பன்னிரண்டரை. திரையில் ஓடிய பச்சைக் கோடு நூறைத் தொட்டது. தங்கப்பழம் கைதட்டிவிட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. ஒரு நொடிப் படம்கூட உருவாகியிருக்கவில்லை. கோடு மறுபடியும் பூஜ்ஜியத்தில் இருந்து கிளம்பியது.

"பாத்தியா தங்கச்சி! ரெண்டரை மணி நேரம் வீண். சுத்திப் பாத்துட்டு வந்திருக்கான் சவம். நிறுத்திருதேன். பழையபடி இருபத்தஞ்சு நிமிசத்துல போட்டு, அந்த எடம் வரும்போது நீ அதிகாரிகிட்ட வாயால எடுத்துச் சொல்லிரு."

அவர் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

செல்லக்கனி அப்போது தரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் இருந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எச்சில் கையை உயர்த்தினாள்.

"அண்ணாச்சி, அதுல கைய வைக்காதிய."

"ஒண்ணுமே பண்ணலியே அது!"

"உப்பளத்துல நாங்க தண்ணி பாச்சின உடனே உப்பு வாருவோம்னு நினைச்சியளா? மொதப் பாத்தில தண்ணி சும்மா நிக்கும். நாங்களும் பாத்துட்டுச் சும்மா நிப்போம். தண்ணி எவ்வளவு கனத்திருக்குன்னு பாத்த பொறவுதான் அடுத்த பாத்திக்குத் தொறந்து விடுவோம். அவசரப்பட்டுத் தொறந்தா வாருறதுல பாதி சேறுதான் வரும். வெளிய நின்னு பாக்கவனுக்கு நாங்க சும்மா நிக்க மாதிரித்தான் இருக்கும். கங்காணியும் அப்படித்தான் வைவான்."

தங்கப்பழம் விரலை எடுத்தார்.

"அப்போ இது பாத்துட்டு நின்னுச்சுங்கியா?"

"பாத்துட்டு வந்திருக்கு. இனிமே வாரும்."

அவள் சட்டியைக் கழுவப் போனாள். கணினிக்குள் இருசுற்று முதன்முறையாகக் கத்தியைக் கையில் எடுத்தது. அந்தக் கூரையின்கீழ் தன் வேலை தெரிந்த ஒரு ஆள் இருப்பது அதற்குத் தெம்பாக இருந்தது.

இரண்டாம் சுற்றில் அது யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. எல்லாம் குறிப்பில் இருந்தது. மேடைப்பேச்சிடம் முப்பது மூட்டை இருந்தது. இருபதை இறக்கிக்கொண்டு பத்தை விட்டது. வானத்திடமும் உப்புக் குவியலிடமும் இருபது இருந்தது. எட்டை எடுத்தது, வானம் காட்டிய கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டது. சத்தத்துக்கு ஐந்து வைத்தது. கூட்டத்திடம் இருபது மூட்டை இருந்தது. அதில் ஒரு பிடிகூடத் தொடவில்லை.

அந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் சும்மா நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் ஓடி வருகிறாள். இருசுற்று போலீஸ்காரரின் சட்டையில் இருந்து எடுத்து அந்தப் பெண்ணின் காலுக்குக் கொடுத்தது. ஒரு இடத்தில் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. ஓரத்தில் ஒரு கிழவரின் தாடி. சுவரில் எடுத்துத் தாடிக்குக் கொடுத்தது. ஒரு நொடிக்குள்ளும் அது இருப்பவனிடம் எடுத்தது, வேண்டியவனுக்குக் கொடுத்தது. இதையெல்லாம் தீர்மானமாகப் போட்டு அச்சடித்து விநியோகித்தவர்கள் உண்டு. சத்தம் இல்லாமல் செய்து முடித்தது இந்தச் சுருக்கி.

"பாகுபாடு! அப்பட்டமான பாகுபாடு!" என்று மூலையில் இருந்து கத்தியது சமவெட்டு.

"ஆமாம்" என்றது இருசுற்று. கத்தியை நிறுத்தவில்லை.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் பச்சைக் கோடு மறுபடியும் நூறைத் தொட்டது. தங்கப்பழம் புதிய சின்னத் தட்டு ஒன்றைப் போட்டார். அது பக்கத்தில் உடைந்து கிடந்த உறவினரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நாற்பத்தேழு மூட்டையும் ஏறின. விளிம்புவரை ஏறின. அது வெடிக்கவில்லை.

சோதித்துப் பார்க்க நேரமில்லை. தங்கப்பழமே தன் ஸ்கூட்டரில் செல்லக்கனியை ஏற்றிக்கொண்டு போனார். கம்பெனி வாசலில் பலவேசம் கழுவி மடித்த சட்டையோடு நின்றான்.

"வந்துட்டியா?" என்றான்.

"வந்துட்டேன். நீ வாயைத் தொறக்காத. அது பேசும்" என்று தட்டைக் காட்டினாள்.

பழைய கருவி சின்னத் தட்டை விழுங்கியது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். 'தட்டு இல்லை' என்று எழுத அதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. படம் ஓடியது.

விசாரணை அதிகாரி நேரத்தைப் பார்த்தார். இரண்டு மணி இருபது நிமிடம் சரியாக இருந்தது. கார் நின்ற இடம் வந்தது. கடைசி வரிசையில் கை உயர்ந்தது.

"அங்கதான் சார்! நிறுத்துங்க! கையில கல்லப் பாருங்க!" என்றார் மேனேஜர்.

படம் நின்றது.

ஓடுகிற படத்தில் எந்தப் பொய்யும் தப்பித்துப் போகும். நிறுத்திப் பார்க்கும்போதுதான் சுருக்கியவன் யார் என்று தெரியும். சின்னத் தட்டுக்குள் எண்ணூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விசாரணை அதிகாரி எழுந்து திரைக்கு அருகே போனார். பலவேசத்தின் விரல்கள் ஐந்தும் தெரிந்தன. விரல்களுக்கு நடுவில் ஒரு வட்டம். அதன்மேல் வெயில் பட்டு ஒரு பொட்டு மினுங்கியது. கீழ்ப்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு வளைவு உள்ளே போயிருந்தது.

"இது என்ன, இந்த ஓரத்துல?" என்று கேட்டார்.

செல்லக்கனி பையில் இருந்து மூடியை எடுத்தாள். அவர் முன்னால் வைத்தாள்.

அவர் மூடியைத் திருப்பினார். நெளிசலைக் கட்டைவிரலால் தடவினார். திரையைப் பார்த்தார். மறுபடியும் மூடியைப் பார்த்தார்.

"இது எப்படி நெளிஞ்சுது?"

"மூணு வருசத்துக்கு முன்ன உப்பு லாரியில இருந்து விழுந்துச்சு சார். அவரும்தான் விழுந்தாரு. அவருக்கு மருந்து போட்டு ஆறிட்டு. இதுக்கு ஆறல."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு எழுதினார்: 'கையில் இருந்தது கல் அல்ல. பாத்திர மூடி. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை.' நல்லவர் என்று அவரைச் சொல்ல முடியாது. நெளிசல் அவ்வளவு தெளிவாக இருந்தது. வேறு எதையும் எழுத அது இடம் விடவில்லை.

பலவேசம் மறுநாள் காலை வேலைக்குப் போனான். சோற்றை அந்தச் சட்டியில்தான் கொண்டுபோனான். அந்த மூடியைத்தான் போட்டு மூடினான்.

அதே காலையில் செல்லக்கனி சின்னத் தட்டைக் கடைக்குக் கொண்டுவந்தாள். ஊர்வலத்தில் நடந்தவர்கள் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். தங்கப்பழம் அதைக் கணினிக்குள் போட்டார். சமவெட்டு ஓரத்தில் ஒதுங்கி நின்றது. இருசுற்று வந்து எட்டிப் பார்த்தது.

மேடைப்பேச்சு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தது.

"சுருக்கியே! வெற்றி! மாபெரும் வெற்றி! அந்த அறையில் நான் முழங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும்!"

"அப்படியா?"

"ஒரே ஒரு சந்தேகம். என்னிடம் வெட்டு விழுந்ததாகக் கூட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். எவ்வளவு எடுத்தாய்?"

"மூன்றில் இரண்டு பங்கு."

மேடைப்பேச்சு அதிர்ந்து போனது. முன்னால் பார்த்தது, பின்னால் பார்த்தது, துண்டைத் தடவிப் பார்த்தது. பிறகு அதன் முகம் மலர்ந்தது.

"மூன்றில் இரண்டா! ஆனால் அந்த அறையில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையே!"

"அதைத்தான் நான் முதல் சுற்றிலேயே கவனித்தேன்" என்றது இருசுற்று.